லாசரண்ணனைக் கூப்பிடும் திருப்பம்

இஞ்சின் சத்தம்னா என்னன்னே கடலுக்குத் தெரியாத காலம் அது. அப்போ நம்ம செம்மணத்துறையில இன்னாசி, இன்னாசின்னு ஒருத்தர் இருந்தாராம். பாய் விரிச்சு ஓடுற வள்ளத்துல அவரு சுக்கான் பிடிச்சா, கோடு கிழிச்ச மாதிரி நேரா போகுமாம். நம்ம ஊருக்கு அதுதானே பெருமை! வளைச்சு ஓட்டுறவனுக்குப் பொண்ணு குடுக்கவே யோசிப்பானுவ.

ஒரு நாள் அவரும் அவரு அண்ணன் லாசரும் மட்டும் கடலுக்குப் போனாங்க. இவரு சுக்கான்ல. அண்ணன் பாய்க்கு அந்தப் பக்கம். பாய் மறைச்சிட்டு. இவரு கரையைப் பாத்தாரு, கரையை மட்டும் பாத்தாரு, நேரா வந்தாரு. வந்து பாயை இறக்குனா, அண்ணன் இல்ல.

தேடுனாங்க, தேடுனாங்க, கிடைக்கல. லாசர் பொஞ்சாதி மிக்கேலம்மா அழக்கூட இல்லையாம். ஒண்ணே ஒண்ணு கேட்டாளாம்.

"ஒரு தடவகூடவா நீ திரும்பிப் பாக்கல?"

அதோட சரி. அதுக்கப்புறம் கொழுந்தன்கிட்ட அவ பேசவே இல்ல.

அன்னையில இருந்து இன்னாசி ஓட்டுற ஓட்டமே மாறிப்போச்சு. கொஞ்ச தூரம் போவாரு. பாயைத் தளத்துவாரு. வள்ளத்தை வளைப்பாரு. பின்னால கடலைப் பாத்து "அண்ணே!"ம்பாரு. அப்புறம்தான் பாயை இறுக்குவாரு. மறுபடியும் கொஞ்ச தூரம், மறுபடியும் "அண்ணே!"

"இவருக்குப் புத்தி பேதலிச்சிட்டு"ன்னு ஊரு சிரிச்சுது. சிரிச்சா சிரிக்கட்டும், சொந்த வள்ளம் இல்லாத மனுசனை ஒருத்தரும் வள்ளத்துல ஏத்தல, அதுதான் கொடுமை. அவரு கொண்டாற மீன்லதானே ரெண்டு வீட்டு அடுப்பும் எரியணும்? ரெண்டும் அணைஞ்சுது.

அந்த வருஷம் வலையில ஒண்ணுமே ஏறலையாம். சீலா மீன் துள்ளுது, கண்ணுக்கு முன்னால துள்ளுது, பிடிபட மாட்டேங்குது. எல்லாரும் வெள்ளைச்சேவல் இறகைத் தூண்டில்ல கட்டி, ஓடுற வள்ளத்துக்குப் பின்னால இழுத்துட்டே போனாங்க. நேரா போனாங்க, வேகமா போனாங்க, வெறுங்கையோட வந்தாங்க.

கயித்தான்னு ஒரு வள்ளக்காரன். அவன் சுக்கான்காரனுக்குக் காய்ச்சல். வேற ஆளில்லாம இன்னாசி வாசல்ல வந்து நின்னான்.

"வாரும். ஆனா வளைச்சீருன்னா இதுதான் கடைசி. அப்புறம் இந்தக் கரையில எந்த வள்ளத்துலயும் ஒமக்கு இடம் கிடையாது."

"சரி"ன்னு போனாரு. பல்லைக் கடிச்சுட்டு நேரா ஓட்டுனாராம். வள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் தூண்டில் கயிறு இழுபடுது, மீனு ஒண்ணும் இல்ல. அன்னைக்கு லாசரோட போன அதே தடம் வந்துச்சு. மைனி மிக்கேலம்மா கேட்டது காதுல கேக்குது. தாங்குமா?

பாயைத் தளத்திட்டாரு. வளைச்சிட்டாரு.

"ஓய்! நேரா விடும்! சொன்னேன்லா?"ன்னு கயித்தான் கத்துறான். வளையுற உள்பக்கத்துக் கயிறு தொய்ஞ்சு இறகு கீழ இறங்குது. இவரு "அண்ணே!"ன்னு கூப்பிட்டுட்டுப் பாயை இறுக்குனாரு. கீழ கிடந்த இறகு, பயந்து ஓடுற குஞ்சு மீனாட்டம் விருட்டுன்னு எழும்புச்சு.

அடிச்சுது பாரு! ஆளு நீளத்துக்குச் சீலா!

கயித்தானுக்கு வாயே மூடல. திரும்ப நேரா ஓடுனாங்க, ஒண்ணும் இல்ல. வளைச்சாங்க, அடிச்சுது. இந்தத் தடவை வெளிப்பக்கத்துக் கயித்துல. கொஞ்ச நேரத்துல திட்டுனவனே கெஞ்சுறான்: "இன்னாசியண்ணே, இன்னொரு தடவ வளையும், ஒமக்குப் புண்ணியமாப் போவும்!" அவரு வளைக்கும்போதெல்லாம் "அண்ணே!"ம்பாரு. மொதல்ல கயித்தான் கூடச் சேந்து கூப்பிட்டானாம். அப்புறம் வள்ளமே கூப்பிட்டுதாம். ஒத்த மனுசன் அழுகையை ஊரு வாங்கிக்கிட்டதுய்யா! இப்பச் சொல்லும்போதும் எனக்குப் புல்லரிக்குது.

வள்ளம் கரை தட்டுச்சு. மீனைப் பாக்க ஊரே ஓடியாருது. கூட்டத்தை விலக்கிட்டு மிக்கேலம்மா வந்தா. மீனைப் பாக்கல. கொழுந்தனைப் பாத்தா.

"திரும்பிப் பாத்தியா தம்பி?"

"பாத்தேன் மைனி. திரும்புன தடவையெல்லாம் மீனு வந்துச்சு. அண்ணன்தான் வரல."

அப்பதான் அவ அழுதாளாம். கரையில உக்காந்து, அத்தனை நாள் அழுகையும் சேத்து அழுதாளாம். கண்ணைத் தொடச்சுட்டு ஊரைப் பாத்துச் சொன்னாளாம்: "வாற மீனைத் தின்னுங்க. ஆனா திரும்பும்போது அவுக பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. கூப்பிட்டுட்டு, வள்ளத்துல எல்லாரும் இருக்காங்களான்னு பாருங்க."

அதான் இன்னைக்கும் நம்ம ஊரு இஞ்சின் வள்ளத்துல இழுதூண்டில் போட்டா, இஞ்சினைக் குறைச்சு, ஒரு பக்கமா வளைச்சு, "லாசரண்ணே!"ன்னு ஒரு குரல் குடுத்து, தலையை எண்ணிப் பாத்துட்டு, அப்புறம் முடுக்குறாங்க. வெளியூர்க்காரன் பாத்துட்டு, மீனுக்குத்தான் இந்த வித்தைன்னு நெனைக்கான். நெனைக்கட்டும்.

செம்மணத்துறையில அதுக்கப்புறமும் கடல்ல விழுந்தவங்க எத்தனையோ பேரு. அவங்களை விட்டுட்டு வந்தவங்க ஒருத்தரும் இல்ல.