கூப்பிட்டான் கரடு

ஈச்சம்பட்டிக்கு மேற்கே கிடக்கிற கரட்டில் பகலிலும் ஆள் தெரியாதபடி புதர் மண்டியிருந்த காலமாம் அது. அன்றைக்குப் பன்றி வேட்டைக்கு ஏறியவர்கள்: கம்புக்காரர் ஏழு பேர், நாய் பிடித்தவர் ஒருவர், கொம்பு ஊதியவர் ஒருவர், கறியைக் கூறு போடும் வீரணன், அவருடைய அக்காள் மகன் சின்னாண்டி. ஆகப் பதினோரு பேர்.

சின்னாண்டிக்கு அப்பன் ஆத்தா இல்லை. தோட்டத்துக் குடிசையில் தனியாகக் கிடப்பவன். வீரணன் அவனைக் கணவாயில் நிறுத்தினாராம். "பன்னி அந்தப் பக்கம் தாண்டிரப்படாது. நான் கூப்பிடுற வரைக்கும் நகராதடா."

"சரி மாமா."

பன்றி இந்தப் பக்கம் அடிவாரத்திலேயே விழுந்தது. ஒரே கூச்சல். ஏறும்போது எண்ணிய கணக்குக்கு வீரணன் பதினோரு கூறு போட்டார். எல்லாரும் எடுத்தார்கள். ஒன்று மிஞ்சியது.

வீரணன் போட்டால் கூறு கூடாது, குறையாது என்பது ஊர்ப் பேச்சு. கொம்பூதி பார்த்தால் சிரிப்பானே என்று அவருக்குக் கூசியது. தன் கூறுக்கு அடியில் அதை ஒளித்துக்கொண்டாராம்.

மறுநாள் உச்சிப் பொழுது. உப்புக்கண்டம் போட உட்கார்ந்த பெண்டாட்டி பூவாயி, "நமக்கு எதுக்கு ரெண்டு கூறு?" என்றாள்.

"எண்ணுறப்பத் தப்பிருச்சு. வெளிய சொல்லாத."

"உம்ம கணக்கு என்னைக்குத் தப்புச்சு? ஆளுல்ல தப்பியிருக்கும்." ஒவ்வொரு பேராகச் சொல்லி விரல் மடக்கினாள். பதினோராவது பேரில் வீரணன் எழுந்து ஓடினார்.

சின்னாண்டி கம்பை ஊன்றி, விட்ட இடத்திலேயே நின்றானாம். உதடு வெடித்திருந்தது. "கூப்பிட்டீகளா மாமா?"

"கூப்பிட்டேன்டா."

"எங் காதுல விழலையே. கோவிச்சுக்கிடாதீக."

அன்றிலிருந்து யார் பேசினாலும் காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்பானாம். ஊரும் அவனைச் செவிடன் என்றது. அதைப் பார்க்கப் பார்க்க வீரணனுக்குச் சோறு இறங்கவில்லை என்பார்கள். அடுத்த வருச வேட்டையில் கத்தியைக் கீழே போட்டார். அத்தனை பேர் முன்னால், தலையைத் தூக்காமல், "நான் கூப்பிடவே இல்ல. இவன் காது நல்ல காது" என்றாராம்.

சின்னாண்டி காதை நீட்டிக்கொண்டு வந்தானாம். "என்ன சொன்னீக மாமா?"

அவர் இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் சொன்ன பொய்யே கரட்டுக்குப் பேராகிவிட்டது. இன்றைக்கும் அடிவாரத்தில் கிடா வெட்டினால், கூறு போடுகிறவர் முதலில் கணவாயைப் பார்த்துச் சின்னாண்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கொஞ்சம் காத்திருந்து, வந்தவர்களுக்கு மேலே ஒரு கூறு சேர்த்துப் போட வேண்டும். எல்லாரும் எடுத்த பிறகு, எல்லார் கண்ணிலும் படும்படி ஓலையில் மிஞ்சிக் கிடப்பது ஒன்று.