பின்வாசல் காவலாளியின் விடுப்பு

எனக்கு ஓட வராது. பேருந்து கிளம்பிவிட்டால் அடுத்ததில் போவேன். மேடம், என் அலமாரிக்குள் ஒட்டியிருந்த ஓட்டக்காரரின் படத்தை நீங்கள் ஆதாரமாக எடுத்துப்போனதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவரைப் பற்றி ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் படித்தேன். ஆறு நாள் தொடர்ந்து ஓடுகிறவர். கால் நகங்கள் தொந்தரவு என்று பத்தையும் எடுத்துவிட்டாராம். எப்படி முடிகிறது என்று கேட்டதற்கு, "அடுத்த கம்பம் வரைக்கும்தான் ஓடுறேன். அங்க போனா இன்னொரு கம்பம் தெரியுது" என்றிருக்கிறார். எனக்கு அந்த வாரம் அப்படி ஒரு வார்த்தை தேவைப்பட்டது.

அந்த வாரம்தான் எங்கள் கிடங்கின் பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அங்கிருந்த காவலாளி வேலையை விட்டுப் போனார். சம்பளப் பட்டியல் என் பொறுப்பு. காவலாளிகளுக்குச் சம்பளம் உறையில். அதைக் கொடுப்பதும் நான். அவர் பெயரை நான் அடிக்கவில்லை. ஒரு மாதம் பார்ப்போம் என்றுதான் விட்டேன். முதல் கம்பம்.

இதில் பெரிய கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. காலை எட்டே முக்காலுக்கு வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்தை இடது கையால் போட வேண்டும். தினமும். ஒரு நாள் நான் வராவிட்டால் வேறு யாராவது பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேடிப் போவார்கள். ஆகவே நான் விடுப்பு எடுக்கவில்லை. பதினோரு வருடம்.

அப்பா இறந்தது ஒரு திங்கள் இரவு. செவ்வாய் காலை ஏழரைக்குள் அடக்கத்தை முடித்துவிட்டேன். அண்ணன் வரட்டும் என்றார்கள். அவன் ரயில் பதினொன்றுக்கு. கையெழுத்துப் போட்டுவிட்டு, உணவு இடைவேளையில் அழுதேன்.

கண்வலி வந்தபோது கறுப்புக் கண்ணாடியோடு போனேன். வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. தணிக்கைக்கு வந்தவருக்கு நான் இரண்டு முறை கைகொடுத்தேன். அந்த வருடக் கணக்கை அவர் பார்க்காமலே ஒப்பமிட்டார். பார்க்க முடியவில்லை, பாவம்.

காவலாளிக்கு மட்டும் முறையாக விடுப்பு கொடுத்தேன். காய்ச்சலுக்கு இரண்டு நாள், மச்சினி கல்யாணத்துக்கு மூன்று நாள், கோடையில் குடும்பத்தோடு ஒரு வாரம். இல்லாத ஆள் இயல்பாக இருக்க வேண்டும். அதே நாட்களில் நானும் விடுப்பு எடுத்தால் யாராவது இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒருமுறை அவருடைய கோடை விடுப்பைப் பற்றி வாய் தவறி வீட்டில் சொல்லிவிட்டேன். மனைவி பிடித்துக்கொண்டாள்.

"அந்த வாட்ச்மேன் இந்த வருஷமும் பொண்டாட்டி பிள்ளையோட கடலுக்குப் போயிட்டாரா?"

"ஆமா."

"அவரும் ஆம்பளதான்."

அவளுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்த அன்று, மருத்துவமனையில் நான் போட வேண்டிய கையெழுத்தை மச்சினன் போட்டான். நான் வேறொருவர் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமா, நீங்க ஒரு நாள் போகலன்னா ஆபீஸ் இடிஞ்சா விழுந்துடும்?" என்றான்.

ஆபீஸ் விழாது. நான்தான் விழுவேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

பிறகு தலைமையகத்தின் மோசடி கண்டுபிடிப்புப் பிரிவிலிருந்து நீங்கள் வந்தீர்கள். கணக்குப் புத்தகத்தைத் தொடவேயில்லை. விடுப்புப் பதிவேட்டைக் கேட்டு, தேநீர் குடித்துக்கொண்டே புரட்டினீர்கள்.

"இந்தப் பின்வாசல் வாட்ச்மேன்கூட ஒழுங்கா லீவு எடுக்கறார். நீங்க ஒருத்தர்தான் சார் மனுஷன் மாதிரி இல்ல. திங்கள்ல இருந்து ரெண்டு வாரம் வீட்ல இருங்க."

"பழக்கமில்ல மேடம்."

"பழகிக்குங்க."

திங்கள் காலை மனைவி பெட்டி கட்டிவிட்டாள். கடலுக்கு. எட்டே முக்காலுக்கு என் இடது கை பேனாவைத் தேடியது. ஒன்பதே காலுக்கு, என் நாற்காலியில் உட்கார்ந்த பெண்ணிடமிருந்து போன்.

"சார், பின்வாசல் வாட்ச்மேன்கிட்ட கையெழுத்து வாங்கணும். இங்க சுவர்தான் இருக்கு. எந்தப் பக்கமா போகணும்?"

அவர் லீவு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வருடத்து விடுப்பையெல்லாம் அவர் எடுத்துத் தீர்த்திருந்தார்.

ஒப்புக்கொள்கிறேன். நூற்று முப்பத்திரண்டு மாதச் சம்பளத்தை நான்தான் எடுத்தேன். பரணில் அப்படியே இருக்கிறது; செலவழிக்க ஒரு நாள் ஓய்வாவது வேண்டுமே. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயரில் எடுக்காத விடுப்பு முந்நூற்று முப்பது நாள் இருக்கிறது. அதற்குரிய பணத்தை என் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். அது மட்டும் நான் குடும்பத்துக்காக நேர்மையாகச் சேர்த்தது.