கறுப்புத் துணியில் தேறிய மெஷின்

– தம்பி, அந்த டப்பாவைப் பையிலயே வை. பளபளன்னு இருக்கற கடையில குப்பையைக் கொட்டினா நம்மளையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிடுவாங்க.

– கொட்டத்தான்க்கா கொண்டு வந்தேன். நம்ம பட்டறைத் தூசியை உறிஞ்சாத மெஷினை வாங்கிப் பொட்டு வெச்சுப் பாக்கவா? ஏம்மா, நீதானே இந்தப் பக்கம் பாத்துக்கறே? இதை இந்தக் கம்பளத்து மேல கொட்டலாமா?

– கண்டிப்பா சார். ஆனா அது என்னன்னு சொல்லிட்டுக் கொட்டுங்க.

– நான் சோபாவுக்குத் துணி மாத்தறவன். பழைய சோபாவைப் பிரிச்சா வர்றது இது. பஞ்சு, ஃபோம் பொடி, நூல் துணுக்கு, அப்புறம் வருஷக்கணக்கா யார் யாரோ உக்காந்து சேத்து வெச்ச மண்ணு.

– அதுல ஒரு பல்லுப்போன சீப்பும் இருக்கு பாரும்மா. நான் ஒண்ணும் சொல்லல.

– நாங்க எப்பவும் சமையல் சோடாவைத்தான் கொட்டிக் காட்டுவோம் சார்.

– சமையல் சோடாவை எதிர்வீட்டுக் கொழந்தை ஊதினாலே போயிடும். இதைக் கொட்டறேன், இதைக் காட்டு.

– கண்டிப்பா. பட்ஜெட் எவ்வளவுன்னு சொன்னீங்கன்னா...

– சின்னது. ஒரு மூணு சீட் சோபாவை முழுசா முடிச்சா என்ன கூலி வரும், அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு நூலிழை கூட நீளாது.

– அப்ப இன்னிக்கே வாங்கணும்னு என்ன தலையெழுத்து? இன்னும் நாலு சோபா முடிச்சுட்டு, அடுத்த வருஷம் நல்லதா பாத்து வாங்கேன். நான் ஒண்ணும் சொல்லல, யோசனைதான் சொல்றேன்.

– இன்னிக்கு வாங்கறோம்க்கா. கடையை மூடி விளக்கை அணைச்சாலும் வாங்கிட்டுத்தான் போறோம். நீ காட்டும்மா.

– இது எங்க கடையில ரொம்பப் போறது சார். ரெண்டாயிரம் வாட்ஸ். போடறேன், பாருங்க.

– அம்மாடி! அணைச்சுடு, அணைச்சுடு! மெஷினா இது, மாடி மேல லாரி ஏத்தற மாதிரி இருக்கு!

– சத்தம் கிடக்கட்டும்க்கா. கம்பளத்தைப் பாரு, சுத்தமா வழிச்சுடுச்சு.

– வழிச்சது சரி. வழிச்சது எங்க போச்சு? என் பையில கறுப்பு லைனிங் துணி இருக்கு, எடு.

– இது என் பட்டறைத் துணியாச்சே. இதை எப்ப எடுத்தே?

– நீ டப்பாவுல குப்பை வாரிட்டிருந்தப்போ. இதைப் பின்னாடி காத்து வர்ற எடத்துல பிடிக்கறேன். பாப்பா, மறுபடியும் போடு.

– மேடம், அங்க சூடா வரும், கொஞ்சம் தள்ளி...

– சூட்டுக்குப் பயந்தா இவனை வளத்திருக்க முடியுமா? போடு நீ. ...ம். போதும், அணை. இப்ப பாரு ரெண்டு பேரும். மாவு சலிச்ச மாதிரி வெள்ளை வெள்ளையா. குதிரை கீழ தள்ளினது பத்தாதுன்னு குழியும் பறிச்சதாம். தரையில சிவனேன்னு கிடந்த தூசியைப் பொடியாக்கி நம்ம வாலு மூக்குக்கு நேரா ஊதி விடுது.

– வாலுங்கறது... பூனையா மேடம்?

– என் பொண்ணும்மா. ஏழு வயசு. பேரு நல்ல பேருதான், குணத்தைப் பாத்துட்டு எல்லாரும் வாலுன்னே கூப்பிடறோம். தூசி பட்டா இழுப்பு வந்துடும்.

– இவன் பொண்ணு, வளர்றது என் வீட்டுல. பட்டறைக்குப் பின்னாடியே இவனுக்கு ஒரு ரூமு. இவன் பொண்டாட்டி தவறினப்புறம் கொழந்தையை அங்கதான் வெச்சிருந்தான். வாரம் தவறாம ஆஸ்பத்திரி. மூச்சு விடறதுக்கு அது தோளெல்லாம் ஏறி ஏறி இறங்கும். டாக்டரம்மா கண்டிச்சு சொல்லிட்டாங்க, இந்த எடத்துல கொழந்தை இருக்கக் கூடாதுன்னு. நான் போயித் தூக்கிட்டு வந்துட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு.

– ரெண்டு வருஷமா அக்கா அவளைப் பொன்னு மாதிரி வெச்சிருக்கா. அங்க இழுப்பே வர்றதில்ல. நான் போற நாளைத் தவிர.

– நீங்க போனா மட்டும் வருமா சார்?

– குளிச்சுட்டு, தோச்ச சட்டையைப் போட்டுட்டுத்தான் போறேன். தோச்ச சட்டையும் அதே ரூமுல, அதே கொடியிலதானே தொங்குது? போற வழியும் பட்டறை வழியாத்தான். போன மாசம் என் மடியில ஏறி உக்காந்தா. அன்னிக்கு ராத்திரி அக்காதான் அவளைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினா. அதிலேர்ந்து கேட்டுக்கு வெளியவே நின்னு பேசிட்டு வந்துடறேன்.

– இப்ப பூதம் கிளம்பிடுச்சு. மெஷின் வாங்கணும், ரூமைச் சுத்தம் பண்ணணும். கொழந்தையைத் திருப்பிக் கூட்டிட்டுப் போகத்தானேடா? வாயைத் திறந்து சொல்லேன்.

– முதல்ல மெஷின் தேறட்டும்க்கா. தேறாத மெஷினை நம்பி நான் வாயைக் கொடுக்க மாட்டேன்.

– பாத்தியாம்மா பாப்பா? வாயில கொழுக்கட்டை. சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான்.

– மேடம், உங்க துணி டெஸ்ட் ரொம்ப நல்ல டெஸ்ட். எங்க டிரெய்னிங்ல கூட இது இல்ல. வாட்ஸ்ங்கறது மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்குதுங்கறதுதான், எவ்வளவு தூசி பிடிக்குதுங்கறது வேற. இழுப்பு இருக்கற கொழந்தைன்னு முன்னாடியே சொல்லியிருந்தா இதைக் காட்டியே இருக்க மாட்டேன். இந்தக் குச்சி மாடலைப் பாருங்க. வயரே கிடையாது, பேட்டரி.

– தூக்க லேசா இருக்கு. இதைச் சட்டை மேல வெச்சா இழுக்குமா?

– டேய், கடையில நின்னுட்டுச் சட்டையில வெச்சு என்ன விளையாட்டு? பட்டன் பிடுங்கிட்டு வரப்போகுது.

– சும்மா பாக்கறேன்க்கா. ...ம், பரவாயில்ல. இதுல சேர்ற குப்பையை எப்படிம்மா கொட்டறது?

– இந்த பட்டனை நீங்களே அமுத்துங்க சார், கீழ்மூடி திறந்துக்கும். அப்படியே குப்பைத்தொட்டியில...

– ஹச்! ...ஹச்! போச்சு! கறுப்புத் துணியே வேணாம், என் மூக்கே சொல்லிடுச்சு. நான் ஒண்ணும் சொல்லல, ஆனா இதைக் கொட்டறவன் மூஞ்சியில கொட்டினதுல பாதி ஒட்டியிருக்கு. போயிக் கண்ணாடியில பாரு தம்பி, மைதா மூட்டை தூக்கினவன் மாதிரி இருக்கே.

– ஆமாம்மா, இது சரிவராது. கொட்டறப்போ திரும்பி என் மேலயே வந்தா, நான் வாங்கறதுக்கே அர்த்தமில்ல.

– அப்ப பை வெச்ச மெஷின்தான் சார் உங்களுக்கு. உள்ள ஒரு பை இருக்கும், தூசி அதுலயே சேரும். நிறைஞ்சதும் வாயை மூடி அப்படியே எடுத்துப் போட்டுடலாம், தூசி வெளிய வராது. இந்தச் சிவப்பு மாடல்...

– பை தீர்ந்தா?

– வேற பை வாங்கணும் மேடம்.

– அதானே பாத்தேன். யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழற கதை. மாசா மாசம் பைக்கு இவன் எங்க போவான்?

– உண்மையைச் சொல்லிடறேன் மேடம். இந்தச் சிவப்பு மாடலுக்குக் கம்பெனிப் பைதான் போடணும், விலை ஜாஸ்தி. அதோ, கடைசியில இருக்கே சாம்பல் கலர், அதுக்குப் பொதுப் பை எல்லா எடத்துலயும் கிடைக்கும், விலையும் கம்மி. போன வருஷ மாடல். ஸ்கிரீன் கிடையாது, கலர் கலரா விளக்கு கிடையாது, அதனால யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. ஆனா காத்து வெளிய போற எடத்துல பொடித்தூசியைக் கூடப் பிடிச்சு வெச்சுக்கற ஹெப்பா ஃபில்டர் இருக்கு, மூடியைச் சுத்தி ரப்பர் வெச்சு அடைச்சிருக்காங்க. சந்துல தூசி கசியாது.

– அப்படிச் சொல்லு. மூடி நல்லா இறுக்கமா உக்காருதும்மா. தையல் விட்ட மாதிரி எங்கயும் வாய் பொளக்கல. குழாய் எவ்வளவு நீளம் வரும்?

– ரொம்ப தூரம் வரும் சார், கட்டில் அடியில கூட...

– கட்டில் கிடக்கட்டும். நான் நேரா நின்னா இது என் தலைக்கு எட்டுமா? ...எட்டுது. முதுகுப் பக்கம்? ...ம், அதுவும் எட்டுது. துணி மேல ஓட்டற மாதிரி மெதுவான பிரஷ் ஏதாவது உண்டா?

– கண்டிப்பா, இந்தாங்க. சின்ன முடி பிரஷ். திரைச்சீலை, மெத்தைக்கெல்லாம் இதான்.

– டேய், மறுபடியும் உன் மேலயே ஓட்டறியா? தலைமுடியில வேற! கடைக்காரங்க நம்மளைப் பைத்தியம்னு நினைக்கப் போறாங்க. தரையில ஓட்டிக் காட்டச் சொல்லுடா, தரையில.

– காட்டறேன் மேடம். ஒரு நிமிஷம், பக்கத்து மெஷினோட தரை பிரஷ்ஷை இதுல மாட்டிக்கறேன். டப்பாவுல மிச்சம் இருக்கறதையும் கொட்டுங்க சார். மேடம், நீங்க உங்க துணியோட பின்னாடி போங்க.

– போறேன். எனக்கு வேற என்ன வேலை? ...ம். ...ம். அணை.

– என்னக்கா?

– ஒண்ணுமில்ல. மறுபடியும் போடச் சொல்லு. துணியைத் தள்ளிப் பிடிச்சிருந்தேன் போல.

– போடறேன் மேடம். ...ஆச்சு. இப்ப?

– வெளிச்சம் பத்தல இங்க. ஜன்னல்கிட்ட போயிப் பாக்கறேன்.

– நானும் வர்றேன்க்கா. ...அக்கா, துணி கறுப்பாத்தான் இருக்கு.

– கறுப்பாத்தான் இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல.

– நீ ஒண்ணும் சொல்லலன்னா பத்து விஷயம் சொல்லப் போறேன்னு அர்த்தம். சொல்லு.

– சொன்னா தாங்க மாட்டே.

– பரவால்ல, சொல்லு.

– ராத்திரி அவ தலையை என் கை மேல வெச்சுத்தான் தூங்கறா. கை மரத்துப் போகும், நான் எடுக்க மாட்டேன். உன் ரூமுல யார் கை இருக்கும்? நீ பட்டறையில ராத்திரி ஆணி அடிச்சிட்டிருப்பே, அவ சுவரைப் பாத்துட்டுப் படுத்திருப்பா. உன் கொழந்தை, நீ கேட்டா நான் குடுக்கத்தான் வேணும், எனக்குத் தெரியாதா? அந்தத் துணியை எதுக்கு எடுத்துட்டு வந்தேன்னு நினைச்சே? எல்லா மெஷினையும் தோக்கடிக்கத்தான். ரெண்டு தோத்துடுச்சு. இந்தச் சாம்பல் கலர் சனியன் தோக்க மாட்டேங்குது. எனக்கு அழுகை வருதுடா. போதுமா?

– மேடம், தண்ணி குடிக்கறீங்களா? இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

– வேண்டாம் பாப்பா. நின்னுட்டே அழுது எனக்குப் பழக்கம். நீ விலையைச் சொல்லு. இவன் கைக்கு எட்டாத விலைன்னா எனக்குச் சந்தோஷம்.

– கையில இருக்கறதை விடக் கொஞ்சம் மேலதான் சார் வருது.

– எவ்வளவு மேல? எனக்கு இந்த மெஷின்தான் வேணும். வேற எதையும் காட்டாத.

– ஒரு வழி இருக்கு. புதுசா வேண்டாம், இதோ இந்த டெமோ பீஸையே எடுத்துக்கோங்க. வாரண்டி முழுசா உண்டு. இதோட தரை பிரஷ் எங்கயோ தொலைஞ்சு போச்சு, அதனாலதான் பக்கத்து மெஷினோடதை மாட்டினேன். பிரஷ் இல்லைங்கறதுக்காக மேனேஜர் விலை குறைச்சு வெச்சிருக்கார். அது உங்க கணக்குக்குள்ள வந்துடும். ஆனா தரை பிரஷ்ஷைத் தனியா வாங்கப் போனா மறுபடியும் மேலதான் போகும்.

– அந்தச் சின்ன முடி பிரஷ் இருக்குல்ல?

– அது கண்டிப்பா இருக்கு சார்.

– போதும். பில்லைப் போடு.

– டேய், டேய்! தரை பிரஷ் இல்லாத மெஷினை வெச்சு என்ன பண்ணுவே? அந்த ரூமு பூரா இந்தச் சின்ன பிரஷ்ஷால குனிஞ்சு குனிஞ்சு தேச்சிட்டிருப்பியா? பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணாமா? அரைகுறையா கூட்டின எடத்துல என் கொழந்தையை விட மாட்டேன். இப்ப சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ, விட மாட்டேன்.

– அக்கா, மெதுவா. கடையே பாக்குது.

– பாக்கட்டும்!

– சார், பில்லு ரெடி. மெஷின் கனமா இருக்கு, நாங்களே வண்டியில அனுப்பிடுவோம். பட்டறை விலாசம் சொல்லுங்க.

– பட்டறைக்கு வேணாம்மா. அக்கா வீட்டுக்கு அனுப்பு. கேட்டைத் தாண்டினதும் வாசக்கதவுக்கு வெளிய ஒரு பிளக் இருக்கும், அதுகிட்ட வெச்சுட்டு வரச் சொல்லு.

– என் வீட்டுக்கா? என் வீட்டுக்கு எதுக்குடா மெஷினு? தினம் ரெண்டு வேளை ஈரத்துணி போட்டுத் துடைக்கறேன். என் வீட்டுல ஏதுடா தூசி?

– நான்தான்க்கா தூசி. தினம் சாயங்காலம் உன் வாசல்ல நின்னு, தலையிலேர்ந்து கால் வரைக்கும் என்னையே கூட்டி எடுத்துட்டு உள்ள வர்றேன். அவ உன் கை மேலயே தூங்கட்டும், தூங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நான் தூக்கிக்கறேன்.