கூடுதலாக ஒரு பொட்டலம்

மாலை ஆறே முக்கால். பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கமாக ஒரு சாலை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் வெட்டவெளி. என் நண்பனின் மாமா அந்த வழியாகத்தான் ஆய்வகத்துக்குப் போனார். வேதியியல் ஆசிரியர். மறுநாள் செய்முறைத் தேர்வு. உப்பைக் கொடுத்து, என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்களே... அது.

"அய்யோ, அதுல நான் ஃபெயில்டா. இதுக்கு மேல பேய் வேறயா?" என்றான் போர்வைக்குள் படுத்து நான் சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவன்.

"மூடிக்கிட்டுக் கேளு" என்றேன்.

மாமாவின் மகள் காணாமல் போய் நான்கு மாதம். போலீஸ் தேடி அலுத்துவிட்டது. அத்தை மட்டும் வாசல் கதவைத் தாழிடுவதில்லை. மகள் இருக்கிறாளா, இல்லையா... மாமாவுக்கு அது ஒன்று தெரிந்தால் போதும்.

முன்பெல்லாம் தேர்வுக்கு உப்புப் பொட்டலம் மடிப்பது அவள்தான். மடித்து முடித்ததும் ஒரு முனையை நாய்க் காது போல மடக்கிவிடுவாள். அன்று மாமா தனியாக மடித்தார். வரிசையாக வைத்துவிட்டுக் கை கழுவித் திரும்பினார்.

ஒன்று கூடுதலாக இருந்தது.

முனை மடங்கி.

உள்ளே வெள்ளைத் தூள். ஈர மண் வாடை.

கம்பியை அமிலத்தில் தோய்த்து, தூளைத் தொட்டு, சுடரில் காட்டினார். உஸ்... சுடர் செங்கல் சிவப்பானது. கால்சியம்.

சுண்ணாம்பாக இருக்கட்டும் என்று நினைத்தார். வகுப்பில் அவர் சொல்வது வழக்கம்: "ஒரு சோதனை சொன்னா அது வதந்தி. இன்னொண்ணும் சொன்னாத்தான் சாட்சி."

அமிலம் விட்டார். சுண்ணாம்பு என்றால் நுரைக்கும். நுரைக்கவில்லை.

மாலிப்டேட் கரைசலை ஊற்றிச் சூடாக்கினார். சோதனைக் குழாயின் அடியில் மஞ்சள் படிந்தது. பாஸ்பேட்.

"அதனால?" என்றான் போர்வைக்காரன்.

"கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தா என்னடா?"

போர்வை விலகியது. பிறகு அவனே சொன்னான். மெதுவாக.

"எலும்பு."

மாமா பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதே சாலையில் திரும்பி நடந்தார். மனைவியிடம் சொல்ல ஒரு வாக்கியம் தேடினார். வீடு வந்துவிட்டது. வாக்கியம் வரவில்லை.

அத்தை அடுப்பருகே நின்றாள். பால் காய்ந்துகொண்டிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க போயிட்டீங்க? உங்க பொண்ணு வந்துட்டா! உடம்பெல்லாம் ஒரே மண்ணு... குளிக்க அனுப்பியிருக்கேன். வந்ததும் வராததுமா ஒண்ணுதான் கேட்டா."

"என்ன?"

"'அப்பா கண்டுபிடிச்சிட்டாரா'ன்னு."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். மாமா சட்டைப் பையைத் தொட்டார். காலி.

பால் பாத்திரத்துக்கு அடியில் சுடர் செங்கல் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.