தணலுக்கு வரியில்லை

பத்தொன்பது பாகை உண்மையில் ஒரு குளிரே இல்லை. சுவெற்றரும் காலுறையும் போட்டால் பழகிவிடும். எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான், உங்களுக்கும் சொல்கிறேன்.

கனடாவில் வீட்டுக் கேஸுக்குக் கார்பன் வரி இருந்த கடைசிக் குளிர்காலம் அது. அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணம் போயிருந்தார்கள். மார்க்கம் நகரில் எங்கள் வீடு என் பொறுப்பில். பேஸ்மென்றில் டெனிஸ்டனும் மனைவி றஜிதாவும் வாடகைக்கு இருந்தார்கள், மன்னார்ப் பிள்ளைகள். ஹீற் வாடகைக்குள் அடக்கம். பிழை அங்கேதான் தொடங்கியது. வரி தண்டனை இல்லை. விலை உறைத்தால் சனம் குறைவாக எரிக்கும், காற்றும் கெடாமல் தப்பும், அவ்வளவுதான். கேஸ் பில்லையே காணாதவர்களுக்கு எப்படி உறைக்கும்? ஆகவே குளிரை உறைக்க வைத்தேன்.

இந்த வரியால் இல்லாதவர்கள் நொந்துபோக மாட்டார்கள், பழகிக்கொள்வார்கள் என்று எங்கள் சுற்றுச்சூழல் சங்கக் கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். சொந்த வீட்டு ஆதாரம் வேண்டுமல்லவா. கீழ்த்தள ஹீற்றை என் போனிலிருந்தே குறைத்தேன், பத்தொன்பதில் தொடங்கிக் கிழமைக்குக் கொஞ்சமாக. சூடு வீணாகாமல் ஜன்னல்களுக்குப் பிளாஸ்ரிக் ஒட்டினேன், கதவிடுக்கெல்லாம் அடைத்தேன். கவனமாகத்தான் செய்தேன்.

தை மாதம் றஜிதாவுக்குப் பிள்ளை பிறந்தது. ஒரு பின்னேரம் பிள்ளையை ஜாக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு படியேறி வந்தாள்.

"அண்ணா, பிள்ளையின்ர கால் ஐஸா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. ஹீற்றைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோவன்."

"பேர்னஸ் ஓடிக்கொண்டுதானே இருக்கு, றஜிதா."

"ஓடுதெண்டா ஏன் எனக்கு வாயால புகை வருது?"

சிரித்தேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

"இவர் சொல்றார், அண்ணாவோட கொழுவாத, இந்தக் குளிருக்க வேற வீடு ஆர் தரப்போகினம் எண்டு."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. உடுப்புத் தோய்க்கக் கீழே போன ஒருநாள் கண்டேன்: கட்டிலடியில் ஒரு சட்டி, அதற்குள் பாபிகியூக் கரி தணலாகக் கிடந்தது.

"பிள்ளை பெத்தாக்களுக்கு ஊரில அம்மா இப்பிடித்தான் வைப்பா" என்றாள்.

ஊரில் அது ஓட்டிடுக்கால் காற்று ஓடுகிற வீடு. இது நான் அடைத்த அறை. தணலிலிருந்து வாசமே இல்லாமல் என்ன நஞ்சு வரும் என்று எனக்குத் தெரியும். நான் படித்ததே அதைத்தான்.

சொல்லவில்லை. சொன்னால் ஹீற்றைக் கூட்ட வேண்டும். கேஸைக் குறைத்தால் அதைவிட மோசமான கரியை எரிப்பார்கள் என்பதையும் கூட்டத்தில் சொல்லவேண்டி வரும். கரிக்கு வரியில்லை.

பிறகு ஒருநாள் ஹீற்றை இன்னும் இறக்கினேன். அவள் கூடுதலாகக் கரி போட்டிருப்பாள். பின்னேரம் போனில் எச்சரிக்கை வந்தது: கீழே கார்பன் மொனொக்சைட். அலாரம் கீழேயும் கத்தியது. கதவு திறக்கும், காலடி கேட்கும் என்று மேலே நின்று காத்திருந்தேன். பிள்ளை முனகியது. பிறகு அதுவும் இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. தீயணைப்புக்காரர் வந்தால் முதலில் ஹீற்றைத்தான் பார்ப்பார்கள். போனில் அலாரத்தை நிறுத்தினேன். வீடு அவ்வளவு அமைதியாக ஒருநாளும் இருந்ததில்லை. கீழே போகும் கதவுக்கு முதுகைக் காட்ட முடியாமல் அப்படியே நின்றேன்.

டெனிஸ்டன் வேலையால் வந்து பார்த்தபோது தாயும் பிள்ளையும் ஒரே போர்வைக்குள் உயிரில்லாமல் விறைத்துக் கிடந்தார்கள்.

அலாரத்தை நிறுத்தியது நான். இருவருக்கும் உயிர் இருக்கும்போதே, தெரிந்துதான் நிறுத்தினேன். அதை என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மாதம் எங்கள் கேஸ் பாதியாகக் குறைந்ததையும் எழுதுங்கள். நான் இதெல்லாம் செய்தது அந்தப் பிள்ளையின் தலைமுறைக்காகத்தான்.