லைக்ரா போட்ட மூச்சு

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பேரைப் பெற்று, ஆறு பேரையும் ஆளாக்கியவள். அவிநாசியிலிருந்து திருப்பூர் போகிற பஸ்ஸில், முன் சீட்டில் ஓர் அம்மாளும் அவர் மருமகனும் இருந்தார்கள்.

“பச்சக் கொழந்த நெஞ்சுக்குள்ள போயிக் கொழுப்பு ஊத்துவாங்களா மாப்பிள்ளை?” என்றார் அந்த அம்மாள்.

“மாசத்துக்கு முந்திப் பொறந்தவனுங்க அத்தை. மூச்சு வுட்டா நுரையீரல் பாலிதீன் கவராட்டம் ஒட்டிக்குது. ஒட்டாம இருக்கத்தான் அந்தக் கொழுப்புப் படலம்.”

“அதுல என்னமோ புரோட்டீனுன்னீங்க?”

“பனியன் நிட்டிங்ல காட்டனோட கொஞ்சூண்டு லைக்ரா நூலு ஓட்டறமில்லீங்க? வெறும் காட்டன் இழுத்தாத் தொளதொளன்னு நின்னுக்கும். லைக்ரா திரும்ப இழுத்துக்கும். மூச்சு வுடறப்ப அந்தப் படலம் மடிஞ்சு போகுமுங்க. மடிப்புப் பிஞ்சிராமப் புடிச்சு வெச்சு, அடுத்த மூச்சுக்கு விரிய வுடறது அந்தப் புரோட்டீன்.”

“டாக்டரு லைக்ரான்னா சொன்னாரு?”

“அது நாஞ் சேத்துனதுங்க.”

“எம் பேரன் என்ன, உங்க பனியன் துணியா?”

பூண்டியில் பஸ் நகராமல் நின்றது. மருமகன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார், செல்போனைப் பார்த்தார், மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

“மூச்சுக் கொழாயை இந்நேரம் ஆஸ்பத்திரியில எடுத்திருப்பாங்கங்க அத்தை. அது தொண்டையில இருந்த வரைக்கும் அவனுக்குச் சத்தமே வல்லீங்க.”

செல்போன் அடித்தது. கேட்டவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“அழுகறானாமுங்க அத்தை! தானா மூச்செடுத்து அழுகறானாம்!”

“நல்லா அழுகட்டும் சாமி,” என்று அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் சொல்லச் சொல்ல எல்லாம் எழுதியாச்சா கண்ணு? எங்கே, அந்தக் குழந்தை அழுத இடத்தை எனக்குப் படிச்சுக் காட்டு.