கொடிக்காரன் மூக்கு

அலோ... அலோ! சேலந்தானுங்களா? கிருஷ்ணப்பண்ணன் புஸ்தகக் கடையா?... அண்ணே, நாந்தான், தருமபுரி பிரஸ் சவுரியப்பன். புளி மண்டி போன்ல பேசறேன்... ஆமாங்க, ஆமா, டிரங்க் கால்தான். குறுக்க பேசாம கேளுங்க.

நம்ம கொடிக்காரன் படக்கதை, ஏழாம் புஸ்தகம்... அதான், கொடிக் கம்பத்த ஊனி ஒகேனக்கல்ல காவேரியத் தாண்டறானே... கட்டு வந்துடுச்சா?... ஐயோ, ஒண்ணும் விக்காதீங்க! எல்லாத்தையும் அடுப்புல போடுங்க!

...படத்துல தப்பில்லீங்க. மொத புஸ்தகத்துல அவன் வெள்ளக்காரத் தொரைய அடிச்சான், தடை போட்டாங்க. ரெண்டாவதுலருந்து தொரைக்குக் கொம்பு வெச்சு அரக்கனாக்கிட்டோம். பிரஸ் பேரும் போடறதில்ல. யாராச்சும் கண்டுபுடிச்சாங்களா?... ஆமா, ஆமா. இப்பக் கண்டுபுடிச்சுருவாங்க!

அட்டைங்க! அட்டைய உள்பக்கம் பாருங்க... என்ன போட்டிருக்குது?... ஆமா, "பட்டாளத்தில் சேருங்கள்". சர்க்கார் நோட்டீசு. அதுவும் நம்ம பிரஸ்லதான் அடிச்சோம். சண்டைக் காலத்துல தாளு எங்க கெடைக்குது? மை ஈஷிக் கெட்ட நோட்டீச வீணாக்கக் கூடாதுன்னு வெறும் பக்கத்துல அட்டைப் படத்த அடிச்சுட்டேன். அடியில பொடி எழுத்துல பாருங்க... ஆமாங்க, என் பிரஸ் பேரேதான்!

...யாரு அது, பக்கத்துல சிரிக்கறது?... அண்ணே?... போன யாருகிட்டக் குடுக்கறீங்க?

...நீங்க யாருங்க?... இன்ஸ்பெக்டருங்களா?... எல்லாம் கேட்டுட்டுத்தான் நின்னீங்களா... சரிங்க... சரிங்க. அச்சடிச்சது நாந்தானுங்க, மறைக்கல... வரைஞ்சதா?

வரைஞ்சது... மேரி, கைய விடு!... ஒண்ணுமில்லீங்க, எந்தங்கச்சி, பக்கத்துல நிக்குது... நாந்தானுங்க வரைஞ்சேன். ஏழும் நாந்தான்... வேற ஆளே இல்லீங்க... உங்க முன்னாடி வரைஞ்சு காட்டணுமா?... கொடிக்காரனையா?... ஏழு புஸ்தகத்துலயும் ஒரே மாதிரி இருக்கற அந்த மூக்கோடவா?... காட்டறேங்க. பொழுது சாய வந்துடுவீங்களா?... ஓடமாட்டேங்க, பிரஸ்லயேதான் இருப்பேன்... அலோ?... அலோ?

வெச்சுட்டாரு.

அழுவாத மேரி. உன்னப் புடிச்சுட்டுப் போயிட்டா எட்டாவது புஸ்தகத்த யாரு வரையறது? எனக்குத்தான் ஒரு கோடு நேரா வராதே... பென்சில எடு. அவரு வர்றதுக்குள்ள அந்தக் கொடிக்காரன் மூக்கச் சொல்லிக் குடு.